ஒட்டுக்கேட்டலின் அரசியல்: போலீஸ் வயர்லெஸ்ஸும் சனங்களின் காதும்

ஒட்டுக்கேட்டல் என்ற சொல்லிலேயே ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. சுவரில் காதை ஒட்டவைத்துக் கேட்கிறவன் கீழானவன். அடுத்த வீட்டுச் சங்கதி இவனுக்கு எதுக்கு என்ற ஏளனம் அச்சொல்லில் உண்டு. அதே வேலையை அரசன் செய்தால் அதற்குப் பெயர் ஒற்றாடல். திருக்குறளின் பொருட்பாலில் 59ஆவது அதிகாரம் அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. குடிமகனிடம் இழிவாகத் தெரியும் ஒரு செயல் வேந்தனிடம் கடமையாகிவிடுகிறது. நம் பழமொழிகளும் இந்த ஏற்பாட்டுக்குத் துணைபோகின்றன. சுவருக்கும் காது உண்டு, பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்பவையெல்லாம் ஆளப்படுகிறவர்களுக்குச் சொல்லப்பட்ட புத்திமதிகள். ஆள்கிறவனைப் பார்த்து, நீ பேசுவதைச் சனம் கேட்கும், பார்த்துப் பேசு என்று எச்சரிக்கிற பழமொழி எதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

யார் யாரைக் கேட்கலாம் என்ற இந்தப் பழைய பங்கீட்டை ஒரு சிறு கருவியை முன்வைத்து யோசித்துப் பார்க்கலாம். ஸ்கேனர் என்பது அதன் பெயர். போலீஸும் தீயணைப்புப் படையும் வயர்லெஸ்ஸில் தமக்குள் பேசிக்கொள்வதை வெளியாள் கேட்க உதவும் ரேடியோ அது. அமெரிக்காவில் இது ஒரு பொழுதுபோக்கு. இந்தியாவில் உரிமமில்லாதவனுக்கு இது குற்றம். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைப் பேசினால், நம்மூர் விஷயங்கள் சில துலங்கும் என்று நினைக்கிறேன்.

1

முதலில் கருவி. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலே இதன் ஒரு துணுக்கு நம் காதில் விழும். பந்தோபஸ்துக்கு நிற்கும் போலீஸ்காரர் தோளில் தொங்கும் வாக்கி-டாக்கி கரகரத்துக்கொண்டே இருக்கும். ஒரு நம்பர், ஒரு ஊர்ப்பெயர், 'ஓவர்' என்ற சொல். போலீஸ்காரர்கள் இதை 'மைக்' என்பார்கள். மைக்கில் கூப்பிட்டாங்க, மைக்கில் சொல்லியாச்சு என்பது அவர்கள் வழக்கு.

போலீஸ், தீயணைப்பு, வனத்துறை ஆகியவற்றின் வயர்லெஸ் பேச்சில் பெரும்பகுதி வி.எச்.எஃப். எனப்படும் பகுதியில், சுமார் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளில் நடந்துவந்திருக்கிறது. நாம் பாட்டுக் கேட்கும் பண்பலை வானொலி 88-க்கும் 108-க்கும் இடையே இருக்கிறது. இது அதற்குச் சற்று மேலே. இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. குறுக்கே மலை வந்தால் நின்றுவிடும். கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும், மேற்கே ஏலமலையும் மறித்து நிற்கும் கம்பம் பள்ளத்தாக்கில் இதை விளக்கவே வேண்டியதில்லை. கொடைக்கானல் மலைமேல் நிற்பதால்தான் கோடை பண்பலையின் 100.5 நம் வீட்டு அடுப்படி வரை வருகிறது. அதே காரணத்துக்காகத்தான் வயர்லெஸ்ஸுக்கும் உயரமான இடத்தில் ரிப்பீட்டர் வைக்கிறார்கள். கீழேயிருந்து வரும் பலவீனமான குரலை வாங்கி, பலப்படுத்தி, மறுபடி நாலா திசையிலும் அனுப்பும் எந்திரம் அது.

ஸ்கேனர் செய்வது எளிய வேலை. நூற்றுக்கணக்கான அலைவரிசைகளை வரிசையாக, ஒரு நொடிக்குள் பலவற்றைத் தொட்டுத் தொட்டுப் போகும். எதில் பேச்சு இருக்கிறதோ அதில் நிற்கும். பேச்சு முடிந்ததும் அடுத்ததுக்குத் தாவும். அது எதையும் அனுப்புவதில்லை, வாங்குவதோடு சரி. ஆகவே கேட்பவர் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது பேசுகிறவருக்கு நடைமுறையில் தெரியவராது. 2012 வாக்கில் டி.வி. பார்ப்பதற்காக விற்கப்பட்ட ஒரு சிறு யு.எஸ்.பி. குச்சியைக் கணினியில் செருகி ஸ்கேனராகப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தார்கள். அதன்பின் பெரிய விலைக் கருவியும் தேவையற்றதாயிற்று.

இனிச் சட்டம். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் செய்தி அனுப்பும் உரிமையை முழுக்க அரசின் தனியுடைமையாக்கியது. அதன் 5(2) பிரிவு, பொது அவசர நிலை அல்லது பொதுப் பாதுகாப்பின் பெயரால் அரசு நம் செய்திகளை இடைமறிக்க வழிசெய்தது. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவோ, செய்தியின் உள்ளடக்கத்தை அறியச் சட்டவிரோதமாக முயலும் மற்றவர்களுக்குத் தண்டனை வைத்தது. 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் தந்திச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், உரிமமில்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. கேட்டாயா, கேட்கவில்லையா என்பது இரண்டாம் பட்சம். உன் கையில் காது இருந்ததா என்பதே கேள்வி. வீட்டு ரேடியோப் பெட்டிக்கு போஸ்டாபீசில் லைசென்ஸ் கட்டும் வழக்கம் 1980கள் வரை நீடித்ததை இன்றைய பெரியவர்கள் நினைவுவைத்திருப்பார்கள். இந்தப் பழைய சட்டங்களுக்குப் பதிலாக 2023இல் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டமும், ரேடியோ கருவி வைத்திருக்கவே அங்கீகாரம் வேண்டும் என்ற கருத்தைக் கைவிடவில்லை. அரசு இடைமறிக்கும் அதிகாரமும் அதன் 20ஆம் பிரிவில் தொடர்கிறது. வெள்ளைக்காரன் 1857-ஐ மறக்காமல் எழுதிய சட்டத்தின் உயிர் சுதந்திர இந்தியாவின் புதுச் சட்டத்தில் குடியேறியிருக்கிறது.

2

ஆரம்பத்தில் நிலைமை இப்படி இல்லை. 1928இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீஸ் தன் ரோந்துக் கார்களில் ரேடியோ பொருத்தியது. அது ஒருவழி ரேடியோ. காரிலிருப்பவர் கேட்கலாம், பதில் பேச முடியாது. அன்றைய விதிகளின்படி ஒலிபரப்பு நிலையமாகத்தான் உரிமம் கிடைத்தது என்பதால், திருட்டுப்போன காரின் நம்பரை அறிவிக்கும் முன்பு போலீஸ் பாட்டும் போட வேண்டியிருந்தது. 1930களில் அமெரிக்க வீட்டு ரேடியோக்கள் பலவற்றில் போலீஸ் அழைப்புகள் சாதாரணமாகக் கிடைத்தன. வீஜீ என்ற பெயரில் அறியப்பட்ட நியூயார்க் புகைப்படக்காரர் 1938இல் தம் காரிலேயே போலீஸ் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி பெற்றார். கொலை நடந்த இடத்துக்கு அவர் முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்த ரகசியம் இதுதான். மறையாக்கம் செய்யப்படாத போலீஸ், தீயணைப்பு ரேடியோவைக் கேட்பது குற்றமல்ல என்று 1986ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் வகுத்தது. காரில் வைத்துக் கேட்பதைச் சில மாநிலங்கள் மட்டும் கட்டுப்படுத்தின.

அந்தக் கதவும் இப்போது சாத்தப்பட்டுவருகிறது. நியூயார்க் போலீஸ் 2023இல் தன் அலைவரிசைகளை மறையாக்கம் செய்யத் தொடங்கியது. சிகாகோ 2022இல், பொதுமக்கள் 30 நிமிடம் கழித்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தது. பிரிட்டன் 2000களிலேயே டெட்ரா என்னும் டிஜிட்டல் முறைக்கு மாறிவிட்டது. டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டியை ஒட்டி டெட்ரா வந்தது. மறையாக்கம் என்பது பேச்சை எண்களாக்கிப் பூட்டுவது. சாவி இல்லாதவருக்கு அது வெறும் இரைச்சல்.

இந்த இடத்தில் ஃபூக்கோவை அழைக்காமல் முடியாது. நம் சிற்றிதழ்களில் 'பனாப்டிகான்' பற்றி எழுதப்பட்டவை ஏராளம். நடுக்கோபுரத்திலிருந்து காவலன் எல்லாக் கைதிகளையும் பார்க்கிறான், கைதிகளுக்கு அவன் தெரிவதில்லை. ஆகவே பார்க்கப்படாதபோதும் பார்க்கப்படுவதாக எண்ணித் தம்மைத் தாமே கண்காணித்துக்கொள்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெந்தாம் வரைந்த இச்சிறையை 1975இல் வந்த தன் நூலில் நவீன அதிகாரத்தின் மாதிரியாக ஃபூக்கோ விவரித்தது நாம் அறிந்ததே. நாம் அதிகம் கவனிக்காமல் விட்டது அந்நூலின் ஓர் அடிக்குறிப்பு. பெந்தாம் தன் முதல் திட்டத்தில் பார்வையோடு செவியையும் சேர்த்திருந்தார். ஒவ்வொரு கொட்டடியிலிருந்தும் கோபுரத்துக்குக் குழாய் போட்டு, கைதிகள் பேசுவதைக் கேட்பது யோசனை. பின்னால் அதைக் கைவிட்டார். குழாய்க்கு இரண்டு வாய் இருப்பதால் காவலன் கேட்பதுபோலவே கைதியும் காவலனைக் கேட்டுவிடுவான், சமனின்மையைக் காப்பாற்ற முடியாது என்பது காரணமாக இருக்கலாம் என்று ஃபூக்கோ குறிப்பிடுகிறார்.

நான் சொல்லவருவது இதைத்தான். பார்வையை ஒருவழியாக்குவது எளிது. ஒரு திரை, ஒரு இருட்டறை, ஒரு கேமரா போதும். ஒலி அப்படிக் கட்டுப்படுவதில்லை. வயர்லெஸ் என்பது பெந்தாம் கைவிட்ட அந்தக் குழாய். அரசு தன் கைகால்களோடு வேகமாகப் பேச விரும்பியபோது, தவிர்க்கமுடியாமல் ஊருக்கெல்லாம் கேட்கும்படி பேசியது. ஏறத்தாழ எண்பது, தொண்ணூறு வருஷம் குழாயின் மறுவாய் திறந்தே கிடந்தது. இந்தியாவில் அதைச் சட்டத்தால் அடைத்தார்கள். அமெரிக்காவில் இப்போது கணிதத்தால் அடைக்கிறார்கள்.

3

மறுவாயில் காது வைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? இந்திய உதாரணம் ஒன்று நம்முன் இருக்கிறது. பாபர் மசூதி இடிப்புக்குப் பின் 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாயில் நடந்த கலவரங்களில் சுமார் 900 பேர் கொல்லப்பட்டனர். அந்த ஜனவரி நாட்களில் போலீஸ் வயர்லெஸ்ஸில் ஓடிய பேச்சு ஒலிப்பதிவாகி, பத்திரிகையாளர் தீஸ்தா சேதல்வாட் வழியாக வெளியே வந்தது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் முன்பும் வைக்கப்பட்டது. எரிகிறது, ஆள் அனுப்புங்கள் என்ற வேண்டுகோளுக்கு முஸ்லிம்களைக் குறித்த வசை பதிலாக வந்ததை அதில் கேட்க முடிந்தது. நிவாரணப் பால் அவர்களுக்கு ஏன் போகிறது என்ற எரிச்சலும் அதில் இருந்தது. 1996இல் சிவசேனை - பா.ஜ.க. அரசு அந்தக் கமிஷனையே கலைத்தது. எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு மீண்டும் அமைத்தது. 1998 பிப்ரவரியில் வந்த அறிக்கை, ஒரு முஸ்லிம் செத்தால் ஒரு முஸ்லிம் குறைந்தான் என்ற மனப்பான்மை போலீஸில் சிலரிடம் இருந்ததைப் பதிவுசெய்தது.

பாதிக்கப்பட்டவர்கள் இதை முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் சொன்னபோது அது புகார். வயர்லெஸ்ஸில் கேட்டபோது அது ஆதாரம். இந்தப் பாகுபாடே அநியாயம் என்பது வேறு விஷயம். ஆனால் அரசு தன் வாயால் சொன்னதை அரசால் மறுக்க முடியவில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்ற கறுப்பரைப் போலீஸ் அடித்து நொறுக்கிய வீடியோ உலகம் முழுக்க ஓடியது. அதற்குப் பின் அமைக்கப்பட்ட கிறிஸ்டோபர் கமிஷன், ரோந்துக் கார்களுக்கிடையே கணினித் திரையில் அனுப்பிக்கொள்ளப்பட்ட செய்திகளைத் தோண்டி எடுத்தது. நிறவெறிக் கிண்டல்கள் அவற்றில் நிறைய இருந்தன. வீடியோ அடியைக் காட்டியது. அடிக்கு முன்னும் பின்னும் அடித்தவர்கள் தமக்குள் என்ன மொழி பேசினார்கள் என்பதைச் செய்திகள் காட்டின. அதிகாரம் நம்மிடம் பேசும் மொழி ஒன்று, தனக்குள் பேசும் மொழி இன்னொன்று. 'சட்டம் ஒழுங்கு' என்ற சொல்லாடலை நாம் கட்டுடைப்பதெல்லாம் முதல் மொழியை வைத்துத்தான். இரண்டாவது மொழி நம் கைக்கு அபூர்வமாகவே கிடைக்கிறது.

தமிழ்ச்சூழலிலும் வயர்லெஸ் வெறும் கருவியாக இருந்ததில்லை. 1986 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தமிழ்நாட்டுப் போலீஸ் விடுதலைப் புலிகளின் தொலைத்தொடர்புக் கருவிகளைக் கைப்பற்றியபோது பிரபாகரன் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார். கருவிகள் திருப்பித் தரப்பட்டன. 1991இல் ராஜீவ் காந்தி கொலை வழக்கில், இடைமறிக்கப்பட்டுச் சங்கேதம் உடைக்கப்பட்ட வயர்லெஸ் செய்திகள் புலனாய்வின் முக்கியப் பகுதியாயின. குரலைக் கைப்பற்றுவது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதை அரசும் அறியும், அரசை எதிர்ப்பவர்களும் அறிவர். நடுவில் இருக்கும் சாதாரண சனத்துக்கு மட்டும் இதில் பங்கில்லை.

4

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மைக்கில் கேட்கும் குரலை 'அதிகாரத்தின் குரல்' என்று மொத்தமாக முத்திரை குத்துவது சோம்பேறித்தனம். தமிழ்நாட்டுப் போலீஸில் 'ஓப்பன் மைக்' என்றொரு வழக்கு உண்டு. உயரதிகாரி ஒருவர் எல்லா ஸ்டேஷனும் கேட்கும்படி கீழே உள்ளவரை மைக்கில் வறுத்தெடுப்பது. ஏட்டோ எஸ்.ஐ.யோ 'எஸ் சார், எஸ் சார்' என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்த ஒலிப்பதிவுகள் அவ்வப்போது வாட்ஸப்பில் கசிவதை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். கசியவிடுகிறவர்கள் வெளியாட்கள் அல்லர், உள்ளே அவமானப்பட்டவர்கள். தெருவில் 'ஏய், நில்லு' என்று போலீஸ்காரன் கூப்பிடும்போது திரும்பிப் பார்க்கிறவன் அந்தக் கணத்தில் அரசின் குடியாகிவிடுகிறான் என்றார் அல்தூசர். கூப்பிடுகிற அந்தப் போலீஸ்காரனும் நாள் முழுக்க மைக்கில் அதே மாதிரி கூப்பிடப்படுகிறான் என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம். அவன் நம்மூர்ப் பையன், கரும்பு வெட்டப்போனவரின் மகன், திராட்சைத் தோட்டத்துக் கூலியின் மகன். ஸ்கேனர் நமக்குக் கேட்கத் தருவதில் பெரும்பகுதி, மேலே பதில் சொல்லிக்கொண்டிருப்பவனின் குரல். கட்டளை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் அவனுக்கும் அது பாதுகாப்பு. துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் பழி எப்போதும் கீழ்நோக்கியே இறங்குவதை நாம் பார்த்திருக்கிறோம்.

5

இதுவரை போலீஸ். தீயும் வெள்ளமும் காட்டு விலங்கும் வேறு. அவற்றில் ரகசியம் காக்கப்பட வேண்டிய எதிரி யாரும் இல்லை. தீ ஒட்டுக்கேட்டுத் தப்பி ஓடிவிடாது. ஆனால் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தீயணைப்பு வண்டியின் குரலும் லத்தி சார்ஜ் உத்தரவும் ஒரே பூட்டுக்குள் அடைபட்டன. இதன் விளைவை இந்தப் பள்ளத்தாக்கில் சிலமுறை பார்த்துவிட்டோம்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையின்போது ஊர் ஊராகக் கிளம்பிய சனம் குமுளியை நோக்கி நடந்தது. உத்தமபாளையம் வட்டத்தில் 144 போட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் தமிழர்கள் தாக்கப்படுகிறார்கள் என்ற பேச்சு எல்லா டீக்கடையிலும் ஓடியது. இடுக்கியின் ஏலத்தோட்டங்களிலிருந்து கூலிச்சனம் நடந்தே இறங்கி வந்தது. எது நடந்தது, எது வதந்தி என்பதைப் பிரித்துச் சொல்லும் தகவல் இரு மாநிலப் போலீஸின் வயர்லெஸ்ஸிலும் இருந்திருக்கும். சனத்துக்கு வந்தது தடை உத்தரவு மட்டும். அரசு நம்மிடம் பேசும் முறை காலங்காலமாகத் தண்டோராவாகவே இருந்துவந்திருக்கிறது: ஒரு தலித்தின் தோளில் பறையை மாட்டி, உத்தரவை மட்டும் ஊருக்குச் சொல்வது. 2022இல் தமிழக அரசு தண்டோரா முறையை நிறுத்தச் சொன்னது. பறை போய் ஒலிபெருக்கி வந்தது, நல்லது. ஒருவழிப் பேச்சு அப்படியே இருக்கிறது.

2018 மார்ச் 11ஆம் தேதி போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற்றக்காரர்களைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிக்கியவர்களின் செல்போன் அழைப்புகள் வழியாகவே கீழே செய்தி வந்தது. உள்ளூர்க்காரர்கள் தொட்டில் கட்டித் தூக்கிவந்தார்கள். எந்தச் சரிவில் தீ இருக்கிறது, காற்று எப்பக்கம் என்பது மலையில் நடப்பவருக்கும் கேட்கும்படி ஓர் அலைவரிசை அன்று இல்லை.

2023இல் அரிக்கொம்பன் வந்தான். ஏப்ரல் 29ஆம் தேதி சின்னக்கானலில் பிடிக்கப்பட்டு, கேரள வனத்துறை மாட்டிய ரேடியோ கழுத்துப்பட்டையோடு பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட யானை, மேகமலைப் பக்கம் இறங்கி, மே 27ஆம் தேதி கம்பம் தெருவுக்குள் நடந்தது. கம்பத்தில் 144 போட்டார்கள். யானை விரட்டியதில் காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். ஜூன் 5ஆம் தேதி சின்ன ஓவுலாபுரம் பக்கம் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். யானை தன் இருப்பிடத்தைக் கழுத்திலிருந்து அனுப்பிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்கும் காது அலுவலகங்களில் இருந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச விடிகாலையில் போகிறவருக்கு அந்தக் காது இல்லை; வாட்ஸப்பில் ஊர் பூராவும் யானை வந்துகொண்டிருந்தது, எது நிஜ யானை என்று தெரியவில்லை.

நாம் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் என்று எழுதி முடித்தால் அது நேர்மையாகாது. முல்லைப் பெரியாறு அணை கேரள மண்ணில் இருக்கிறது; 1886ஆம் ஆண்டுக் குத்தகை ஒப்பந்தத்தின்படி அதை இயக்குவது தமிழ்நாடு. 2021 டிசம்பரில் முன்னறிவிப்பின்றி இரவில் ஷட்டர்கள் திறக்கப்பட்டதாக வண்டிப்பெரியாறு, வள்ளக்கடவு சனங்கள் கொதித்தார்கள். தண்ணீர் வாசலுக்கு வந்தபிறகு தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். அங்கே மதகின் சாவியும் செய்தியின் சாவியும் நம் அரசிடம் இருந்தன. நீரில் உரிமை கேட்கும் நாம், அந்நீர் வரும் நேரத்தை அறியும் உரிமை அக்கரைச் சனத்துக்கு உண்டு என்று சொல்லத் தயங்கினால் நம் அரசியலில் ஓட்டை இருக்கிறது.

6

தோழர்கள் சிலர் கேட்கலாம்: அப்படியானால் எல்லா அலைவரிசையையும் திறந்துவிடச் சொல்கிறாயா, ஆளுக்கொரு ஸ்கேனர் வாங்கச் சொல்கிறாயா? இரண்டும் இல்லை. மைக்கில் வருவது அதிகாரியின் பேச்சு மட்டுமல்ல. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரும் தெருவும் அதில் வரும். சாதிமாறிக் காதலித்து ஓடிவந்த இருவர் எந்த ஸ்டேஷனில் தஞ்சம் புகுந்திருக்கிறார்கள் என்பது வரும். நம் மாவட்டங்களில் அந்தத் தகவல் தவறான காதில் விழுந்தால் பிணம் விழும். 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின், ஸ்கேனரில் கேட்டதாகச் சொல்லிச் சம்பந்தமே இல்லாத ஒரு மாணவனைக் குற்றவாளி என்று இணையத்தில் பரப்பினார்கள். பாதி கேட்டுவிட்டு முழுசாகத் தீர்ப்பெழுதும் கூட்டமும் ஒருவகைப் போலீஸ்தான். 1996இல் பி.யு.சி.எல். வழக்கில் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு வரம்பு கட்டிய தீர்ப்பையும், 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற தீர்ப்பையும் கொண்டாடிய நாம், அடுத்தவர் அந்தரங்கத்தை வேறு பெயரில் பறிக்க முடியாது.

ஆகவே கோரிக்கையைப் பிரித்து வைக்க வேண்டும். தீ, வெள்ளம், காட்டு விலங்கு, அணைத் திறப்பு ஆகியவை பற்றிய தகவல் அதிகாரிக்குத் தெரியும் அதே நேரத்தில் சனத்துக்கும் தெரிய வேண்டும், இந்தப் பள்ளத்தாக்கில் தமிழிலும் மலையாளத்திலும். கோடை பண்பலை இருக்கிறது. தனியார் பண்பலைகளுக்குச் செய்தி வாசிக்கத் தடையுண்டு. ஆனால் உள்ளூர் நிர்வாகம் தரும் பேரிடர்த் தகவலை அவை ஒலிபரப்பலாம் என்று 2011ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. சட்டம் குறுக்கே நிற்கவில்லை.

போலீஸ் வயர்லெஸ்ஸைப் பொறுத்தவரை, நேரலையில் கேட்பதைவிட அழியாமல் இருப்பதே முக்கியம். 2020இல் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் வதைக்கப்பட்டு இறந்த வழக்கில், ஸ்டேஷன் கேமராப் பதிவுகள் தினமும் தானே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் உயர்நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். வட்டில் இடம் இருந்தது, பதிவு இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு கூடிய கேமரா வேண்டும், 18 மாதம் பதிவுகளைக் காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கண்ட்ரோல் ரூமில் ஓடும் வயர்லெஸ் பேச்சுக்கும் அதே விதியைக் கேட்போம். ஒரு துப்பாக்கிச் சூடு, ஒரு லத்தி சார்ஜ், ஒரு காவல் மரணம் நடந்த நிமிடத்திலிருந்து அந்நாளின் ஒலிப்பதிவும் லாக் புத்தகமும் சீலிடப்பட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். போலீஸின் கையில் இருக்கக்கூடாது. பாதிக்கப்பட்டவர்களின் பெயர்களை நீக்கி, உரியவர்களுக்கு நகல் தர வேண்டும். டிஜிட்டலுக்கு மாறும் ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்தக் கேள்வியை மாறுவதற்கு முன்பே எழுப்ப வேண்டும். பூட்டிய பிறகு சாவி கேட்டால் தேசப் பாதுகாப்பு என்பார்கள்.

அடுத்த முறை உண்மை அறியும் குழுவோடு ஓர் ஊருக்குப் போகிறவர்கள், யார் சுட்டார்கள், எத்தனை ரவுண்டு என்ற வழக்கமான கேள்விகளோடு இன்னொன்றையும் எழுதிவைத்துக்கொள்ளலாம்: அன்றைக்கு மைக்கில் என்ன சொன்னார்கள், அந்தப் பதிவு இப்போது யாரிடம் இருக்கிறது?